மைக்கில் நான் கொடுத்த பட்டம்

இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கலிஃபோர்னியாவில் அடிக்கடி கரண்ட் போய்க்கொண்டிருந்த வருடம் அது. சான் ரமோனில் எங்கள் சேவைச் சங்கத்தின் மதியக் கூட்டத்தில், வீட்டுக்கு சோலார் வைப்பதைப் பற்றிப் பேச ஆள் தேடினார்கள். நான் செல்வராஜ் அண்ணனை அழைத்துப் போனேன். நாகர்கோவில்காரர். நர்ஸ் மனைவியோடு வந்து, இங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தார். தன் வீட்டுக் கூரையில் தானே சோலார் பேனல் மாட்டியிருந்தார்.

அந்தச் சங்கத்தில் நான் ஒருவன்தான் இந்தியன். டாக்டர்களும் வக்கீல்களும் உட்கார்ந்திருந்த அறையில், நம் ஊர்க்காரரை எலக்ட்ரீஷியன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தியாவில் இன்ஜினீயரிங் படித்தவர் என்று மைக்கில் அளந்துவிட்டேன்.

அவர் எழுந்து வந்ததும், தான் இன்ஜினீயர் இல்லை, எலக்ட்ரீஷியன் என்று சிரித்துக்கொண்டே திருத்தினார். பிறகு அரை மணி நேரம் பேசினார். முடிந்ததும் தங்கள் கூரையைப் பார்க்க வரச்சொல்லி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் காபி கப்பைப் பிடித்தபடி ஓரமாக நின்றேன்.

பார்க்கிங்கில், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

வேனில் ஏணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"எனக்கா தம்பி? இல்ல, உங்களுக்கா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார்.

அதற்கு முந்தைய மாதம் அவர் என் வீட்டு ஒயரிங்கைச் சரிசெய்ய வந்தபோது, "எலக்ட்ரீஷியன் வந்திருக்கான்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தவன் நான். அன்றைக்கு எனக்கு வாய் தடுமாறவே இல்லை.