வாடை இல்லாத கண்ணாடி

கண்ணாடி உடைந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சாக்குக் கல்கண்டைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தது போலச் சரசரவென்று கொட்டி ஓய்ந்தது. ஆனந்தி கதவின் பிடியை விடாமல் அப்படியே நின்றாள். கதவில் இப்போது சட்டம் மட்டும்தான் இருந்தது.

பிக்கப் வண்டியின் பின்கூண்டுக் கதவை அறைந்து சாத்தியது அவள்தான். தட்டு அடுக்கும் இரும்பு ரேக் உள்ளே சரியாகப் போகாமல் துருத்திக்கொண்டு நின்றதைக் கவனிக்காததும் அவள்தான். திட்டுவதற்குக்கூட வேறு ஆள் கிடைக்கவில்லை. தட்டுகளை இன்னும் ஏற்றியிருக்கவில்லை என்பது ஒன்றே மிச்சம்.

எருத்தேன்பதியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுக் கொட்டகையில் ஆனந்தி பட்டுப்புழுக் குஞ்சு வளர்க்கிறாள். முட்டைகளைப் பொரிக்க வைத்து, தளிர் இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, புழுக்கள் இரண்டாவது தடவை தோலுரிக்கும் வரைக்கும் பார்த்துக்கொள்வாள். பிறகு மல்பெரித் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். தோலுரிக்கும் சமயத்தில் புழு தின்னாது, நகராது. தலையைத் தூக்கியபடி கிடக்கும். அதைத் தூக்கம் என்பார்கள். வண்டிப் பயணம் அந்தத் தூக்கத்துக்குள் முடிந்தாக வேண்டும். விழித்த புழுவுக்குப் பசி தாங்காது, முற்றிய இலை வேண்டும். ஆனந்தியின் தோட்டத்தில் இருந்ததோ குஞ்சுக்கான தளிர் மட்டும். அதுவும் அடுத்த பொரிப்புக்கே பற்றாது.

அன்றைய புழுத் தட்டுகள் காந்தலூர் ஞானஜோதிக்குப் போக வேண்டியவை. ஆனந்தியின் பேச்சை நம்பிப் பூண்டு நிலத்தில் மல்பெரி நட்டவள் ஞானஜோதி. மலையில் ஆனந்திக்குக் கிடைத்த முதல் ஆளும் அவள்தான். போன தடவை புழுக்கள் கூடு கட்டும் முன்பே நோய் கண்டு செத்துப்போயின. இந்தத் தடவையும் போனால் செடியைப் பிடுங்கிவிட்டுப் பூண்டே போடுவதென்று அவள் கணவர் ஏசுதாஸ் முடிவுசெய்துவிட்டார். உழுவதற்கு டில்லர்காரனிடமும் பேசி வைத்துவிட்டார். ஞானஜோதி இதையெல்லாம் போனில் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. அதுதான் ஆனந்தியை ராத்திரி முழுக்கப் புரளவைத்தது.

சரி, வேறு வண்டி பிடிக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனந்திக்கும் தோன்றியது. ஆனால் எருத்தேன்பதி, நல்லேப்பிள்ளி வட்டாரத்தில் வாடகைக்கு ஓடும் வண்டிகளில் பூச்சி மருந்து ஏற்றாத வண்டி ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். டப்பா எப்போதோ ஒழுகிய கறை பலகையில் இருந்தால் போதும், ஊர் போய்ச் சேர்வதற்குள் புழுக்கள் வாயில் பச்சைத் தண்ணீர் கக்கி விறைத்துவிடும். உடைந்த இடத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டும் போக முடியாது. பின்பக்கம் திறந்திருந்தால் ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். தார்ப்பாயின் ஓரங்கள் படபடக்கும் ஒவ்வொரு முறையும் டீசல் புகை உள்ளே போகும், காற்றும் புழுவை உலர்த்தும். இந்த வேலைக்காகவே மூணாறில் டூரிஸ்ட் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஃபைபர் கூண்டு வண்டியைத் தேடி வாங்கியிருந்தாள். லாரி ஓட்டும் கணவன் லோகேஷ் அதற்குக் கண்ணாடிப் பொட்டி என்று பேர் வைத்துக் கிண்டல் செய்வான். இப்போது அவன் நாக்பூர்ப் பக்கம் எங்கோ இருந்தான். கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கொட்டகையில் உதவிக்கு இருந்த மோனிஷாவிடம், ஈரச் சாக்கை மாற்றிக்கொண்டே இரு, ஏதாவது அசைந்தால் உடனே கூப்பிடு என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் துகளைக் கூட்டித் தள்ளிய கையோடு ஆனந்தி நல்லேப்பிள்ளிக்கு வண்டியை விட்டாள்.

அங்கே கண்ணாடி போடுகிற சுருளிவேல் கம்பத்திலிருந்து பிழைக்க வந்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. சட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த வகைக் கண்ணாடியை இங்கே வெட்ட முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் தூளாகிவிடும், அளவு கொடுத்துக் கோயமுத்தூரிலிருந்துதான் செய்து வாங்க வேண்டும் என்றார். நாளை மறுநாள் ஆகும். ஆனந்தியின் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, உள்ளே போய்ப் பழைய ஜீப் ஒன்றின் முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டையான கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்தது. இதை வெட்டலாம். ஒரு மூலையில்தான் விரிசல். நல்ல பக்கம் இவள் சட்டத்துக்குப் போதும்.

கும்பிடப்போன கையை ஆனந்தி பாதியில் இறக்கிக்கொண்டாள். அதற்குள் போன் வந்தது. ஞானஜோதி. கிளம்பியாச்சா என்று கேட்டாள். கிளம்பியாச்சு என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடி விஷயத்தைச் சொன்னாள். ஞானஜோதி, இலையை வெட்டி வைத்துவிட்டதாகவும், அது வாடாமல் இருக்க ஈரத்துணி மூடியிருப்பதாகவும் மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அடுத்து மோனிஷா. எல்லாம் தூங்குகிறது என்றாள். புளியமரத்தடியில் நின்று ஆனந்தி பேசி முடித்துத் திரும்பினால், வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. கண்ணாடி சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பழைய ரப்பரைப் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டு, சுற்றிலும் கறுப்புப் பேஸ்டைப் பிதுக்கி ஒட்டியிருந்தார் சுருளிவேல். மழை பெய்தாலும் பொட்டுத் தண்ணீர் இறங்காது என்று தட்டிக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு கூண்டுக்குள் தலையை நீட்டியவள் சட்டென்று பின்வாங்கினாள். புளித்த காடியின் நெடி. மூக்கைத் துளைத்தது.

மூட்டைப்பூச்சி மருந்து வேண்டாம், கொசுவத்தி வேண்டாம், பூசின பவுடரோடு உள்ளே வராதே என்று மோனிஷாவைத் தினமும் விரட்டுகிறவள் அவள். போன வருடம் பக்கத்து வீட்டில் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்த நாளில் ஒரு வரிசைத் தட்டுகள் அப்படியே போயின. பேஸ்ட் காயும்வரைக்கும் மூடின கூண்டுக்குள் இந்த நெடி நின்றுகொண்டே இருக்கும். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கண்ணாடி கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"இதப் பேத்து எடுத்துருங்ணா," என்றாள்.

சுருளிவேல் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "என்னத்தா சொல்ற? இப்பத்தான ஒட்டுனேன்."

"இந்த வாடைக்குப் புழு செத்துப்போயிருமுங்க."

"புழுவுக்கு மூக்கு எங்கத்தா இருக்கு?"

"மூக்கு இல்லீங்ணா. ஒடம்புல ரெண்டு பக்கமும் ஓட்டைங்க. அதுலதான் மூச்சு உடுது."

"நான் இத மோந்துக்கிட்டேதான் மூணு வேளையும் சோறு திங்கிறேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"உங்க ஒடம்பும் அதுவும் ஒண்ணுங்களா? அது நூல் கனங்கூட இல்லீங்ணா." அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடையில் கார் கண்ணாடி மாட்ட வந்து நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவள் திரும்பவில்லை.

சுருளிவேல் முணுமுணுத்துக்கொண்டே கம்பியை எடுத்தார். ஈரம் காயாத பேஸ்டைக் கம்பியால் அறுத்துக் கண்ணாடியைக் கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டுவதுதான் பாடாக இருந்தது. அவசரத்தில் அவர் தின்னர் டப்பாவைத் திறக்கப் போக, ஆனந்தி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அந்நிய ஆம்பளை கை என்று உறைத்து, பிடியை விட்டாள். அவர் டப்பாவை மூடித் தூர வைத்தார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

பக்கத்துப் பரோட்டாக் கடையில் சுடுதண்ணீர் வாங்கி வந்து, சவுக்காரம் போட்டுச் சட்டத்தைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். கதவை வெயிலுக்குத் திறந்து வைத்து மோந்து பார்த்தாள். இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. அல்லது அவள் மூக்குதான் பழகிப்போனதோ. அதுவே பெரிய பயமாகப் பிடித்துக்கொண்டது. வழியில் போன பரோட்டாக் கடைக்காரரைக் கூப்பிட்டு, உள்ளே மோந்து பாருங்கள் என்றாள். அவர் தயங்கித் தயங்கித் தலையை நுழைத்துவிட்டு, சவுக்கார வாசம்தான் வருகிறது என்றார். நம்பினாள். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி கண்ணாடியை நிறுத்துவது எப்படி? ரப்பர் வளையம் அறுபட்டுத் தரையில் கிடந்தது. அந்த அளவில் புதிது இங்கே கிடையாது. சுருளிவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, அறுத்த ரப்பரையே துண்டு துண்டாகக் கண்ணாடிக்கு மெத்தைபோல வைத்து, மேலே அலுமினியப் பட்டை போட்டு ஸ்குரு முடுக்கலாம் என்றார். கண்ணாடி நிற்கும். ஆனால் இடுக்குகளில் காற்றும் புகையும் போகும். பேஸ்ட் இல்லாமல் அதை அடைக்க அவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மோனிஷாவின் போன். "அக்கா, கீழ்த் தட்டுல ஒண்ணு ரெண்டு நெளியுதுங்க்கா."

"வெளிச்சம் படாம மூடு. மேல ஊதிப்போடாத. வந்துட்டேன்." வந்துவிடவில்லை. இடுக்கை அடைக்க வேண்டும், அவ்வளவுதானே? பொரிப்புக்கு முன்னால் கொட்டகைக்கு மருந்துப் புகை போடும்போது கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் எதைக் கொண்டு அடைக்கிறாள்? பழைய பேப்பரும் மைதாப் பசையும். ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டுவதும் அதைக்கொண்டுதான். அவள் பரோட்டாக் கடைக்கு ஓடினாள்.

அடுப்பில் மைதாவைக் கரைத்துக் கிண்டியபோது கடைக்காரர் என்ன பலகாரம் என்று கேட்டார். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. சூடான பசையைப் பேப்பர்க் கீற்றுகளில் தடவித் தடவி, அலுமினியப் பட்டை மேலும் கண்ணாடி ஓரத்திலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். சுருளிவேல் கீற்றுக் கிழித்துக் கொடுத்தார். எந்த வாரத்துப் பேப்பரோ, ஒரு கட்சிக்காரர் முகம் கண்ணாடியின் கீழ் விளிம்பில் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே அவரைக் கண்ணாடி ஓரமெல்லாம் ஊதச் சொன்னாள். கன்னத்தில் காற்றுப் படவில்லை. காசைக் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

கொட்டகையில் நெளிகிற புழுக்கள் கூடியிருந்தன. பெரும்பாலானவை இன்னும் தூக்கத்தில் இருந்தன. மோனிஷா பேசாமல் தட்டுகளை நீட்டினாள், ஆனந்தி வாங்கி அடுக்கினாள். கண்ணாடியை ஒட்டிய கடைசி வரிசையைக் காலியாக விட்டுவிடலாம் என்று பார்த்தாள். விட்டால் மூன்று தட்டு மிஞ்சும். மிஞ்சினால் இங்கே பட்டினி. அவற்றையும் ஏற்றினாள். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ரேக்கை இரண்டு தடவை தள்ளிப் பார்த்து, கதவைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலச் சாத்தினாள்.

பொள்ளாச்சி, உடுமலை. ஒரு டீக்குக்கூட நிறுத்தவில்லை. கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. திறந்தால் ரோட்டுப் புகை உள்ளே போய்விடும். காட்டுச் சாலையில் முன்னால் போன பஸ் புகையைக் கக்கிக்கொண்டே ஏறியது. அதை முந்தவும் முடியாமல் பின்னால் போகவும் மனமில்லாமல் ஓரமாக நின்று, அது தூரம் போன பிறகு கிளம்பினாள். மறையூர் தாண்டித் தூறல் பிடித்தது. மைதாப் பசை ஈரம் தாங்காது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், வெளிக் கீற்று ஒன்று அவிழ்ந்து நாக்குப்போலத் தொங்கிக்கொண்டு ஆடியது. உள்ளே ஒட்டினது பிடித்திருக்குமா என்று தெரியாது. மாதாவையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். மாதா ஞானஜோதியின் சாமி. யார் காது கொடுத்தாலும் சரி.

காந்தலூரில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் இறங்கினாள். ஞானஜோதி வளர்ப்பு மனையின் வாசலில், நோய் ஏறாமலிருக்கத் தூவிய சுண்ணாம்பை மிதித்த காலோடு நின்றிருந்தாள். ஏசுதாஸ் வேலியோரம் கை கட்டிக்கொண்டு நின்றார், வா என்றுகூடச் சொல்லவில்லை.

தட்டுகள் இறங்கின. முன்வரிசைகளில் புழுக்கள் பழைய தோலை உதிர்த்துவிட்டு மெல்லத் தலையை ஆட்டின. ஞானஜோதி இலையைப் பரப்பினாள். கடைசி மூன்று தட்டையும் ஆனந்தி வாங்கித் தரையில் வைத்துத் தாளை விலக்கினாள். கறுத்துச் சுருண்டு கிடந்தன. சில மட்டும் வாயில் பச்சைத் தண்ணீரோடு உடம்பை முறுக்கின.

ஆனந்தி குந்தியபடியே இருந்தாள். "ஒரு வார்த்த மொதல்லயே சொல்லியிருந்தா அந்தாளு பேஸ்ட் பூசியிருக்கவே மாட்டாருங்க்கா. என் தப்புங்க," என்றாள்.

ஞானஜோதி இலை பரப்பிய தட்டுகளின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. ஏசுதாஸும் வேலியை விட்டு வந்து நிலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். ஒரு தட்டின் நடுவில் இலை அசைந்தது. அடியிலிருந்து ஏறி வந்த புழுக்கள் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றன. பிறகு ஓரத்தில் சின்னச் சின்னக் கடிவாய்கள் தெரிந்தன. அடுத்த தட்டிலும் அப்படியே. அதற்கடுத்த தட்டில் கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அங்கேயும்.

"திங்குதுல்லா," என்றாள் ஞானஜோதி, யாரையும் பார்க்காமல்.

ஏசுதாஸ் உள்ளே வந்து, செத்த மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு குழிப் பக்கம் போனார். போகும்போது மனைவியிடம், விடிகாலை இலைக்கு எந்தப் பாத்தியிலிருந்து வெட்டப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே போனார். அதன் பிறகுதான் ஆனந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.