கசங்காமல் வந்து சேர்ந்த நீராவி அக்கா

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவரை எல்லோரும் நீராவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக நீராவி இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்பவர். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டும் நர்சுகளின் சீருடையும் அவர் கையைத் தாண்டித்தான் மாடிக்குப் போகும். எதிரே ஒருவர் கசங்கிய உடையோடு வந்தால் அக்காவுக்குப் பேச்சு ஓடாது. ஒருமுறை பெரிய டாக்டரையே நடைவழியில் நிறுத்திக் கோட்டைக் கழற்றி வாங்கி, நான்கே நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் போன் செய்தாள். கல்யாணம் முடிவாகிவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அக்காவுக்குக் கிடைத்த விடுப்புக்குப் பொருந்திய ஒரே விமானம் அன்று காலை ஒன்பதே காலுக்குத்தான் தரையிறங்கும். பயணம் பதினான்கு மணி நேரம். இறங்கியதும் நேரே அலுவலகத்துக்குப் போக வேண்டும். உடை மாற்ற நேரமிருக்காது. எதையாவது வசதியாகப் போட்டுக்கொண்டு வந்தால் போதும் என்றாள் மகள். அக்காவால் அப்படி விட முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கல்லூரிப் பேராசிரியை. மகள் அனுப்பிய படத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டு, அளவுகோலை விழுங்கியவர் போல் நிமிர்ந்து நின்றார். முதல் சந்திப்பே இப்படிப்பட்டவரோடு.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். பைஜாமாவிலேயே தூங்கிவிட்டு, மேலே நீளமான கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாமாம். அக்கா பணப்பையை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

சனிக்கிழமை துணிக்கடைக்குப் போனார். மாட்டியிருந்த ஒவ்வொரு சட்டையின் கையையும் முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்து, முப்பதுவரை எண்ணி, விரித்துப் பார்த்தார். லினன் அப்பளமாகச் சுருண்டது. பருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கசங்கியபடியே நின்றது. கடைப்பெண் பதறி ஓடிவந்தாள்.

"அம்மா, கசக்காதீங்க. இதையெல்லாம் நாங்க விக்கணும்."

"விக்கலாம் கண்ணு. வாங்கினவ ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுந்தா எப்படி இருப்பாள்னு பாரு," என்று சட்டைக் கையை விரித்துக் காட்டினார் அக்கா.

அந்தப் பெண் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே போய் அடுக்கிலிருந்து கருநீலத்தில் ஒரு பேண்டும் கோட்டும் எடுத்துவந்தாள். பின்னல் துணி. இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி படிந்துவிடும். பார்வைக்கு நன்றாகத் தைத்த உடுப்பு, உடம்புக்கு இரவு உடை. முஷ்டியிலிருந்து விடுபட்டதும் ஒரு கோடுகூட இல்லாமல் நின்றது.

அதோடு விட்டாரா அக்கா? ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிவரும் பேருந்தில் ஏறினார். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று சுற்று உட்கார்ந்தார்கள். முதல் சுற்றில் பின்கழுத்தில் அளவு எழுதிய துணிச்சீட்டு குத்துவது தெரிந்தது. இரண்டாவதில் இடுப்பின் பக்கக் கொக்கி வயிற்றை அழுத்தியது. அதை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். மூன்றாவதில் கால் லேசாக வீங்கிச் செருப்பு இறுகியது. அரை அளவு பெரிதாக ஒரு மென்மையான ஷூ வேண்டும். சுற்று முடியும் இடத்தில் ஓட்டுநர் எழுந்து வந்து, வழி தவறிவிட்டீர்களா என்று பரிவாகக் கேட்டார்.

"இல்லப்பா, விமானத்துல போறதுக்குப் பழகிக்கிறோம்," என்றார் கணவர். ஓட்டுநர் மெல்லத் தன் இருக்கைக்குத் திரும்பிப் போனார்.

விமானத்தில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. இறங்கியதும் முகம் கழுவி, தலைவாரி, சிவப்புத் துப்பட்டா ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார் அக்கா. மகள் அவரைச் சுற்றி ஒரு வட்டமடித்துப் பார்த்துவிட்டு, இப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து நடந்து வந்தீர்களா என்று கேட்டாள்.

அலுவலகத்து வராந்தாவில் பேராசிரியை நின்றிருந்தார். நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். உடுத்தியிருந்தது வெளிர்நிற லினன். மடியெல்லாம் விசிறி மடிப்பு. கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவைக் கண்டதும் கைப்பையால் மடியை மறைத்தார்.

வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில், "வாங்க சம்பந்தியம்மா, அஞ்சு நிமிஷம்," என்று கையைப் பிடித்துக் கழிவறைக்குள் கூட்டிப்போனார் அக்கா. கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து மடிப்புகள்மேல் ஒற்றினார். கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே அவரைச் சாய்த்து நிறுத்தி, துணியின் இரு முனையையும் இழுத்துப் பிடித்தார். சுடுகாற்று நின்றுபோகும்போதெல்லாம் அக்கா முழங்கையால் பொத்தானை அழுத்தினார்.

"உங்களை நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலைங்க," என்றார் பேராசிரியை திடீரென்று. "ஆஸ்பத்திரியே உங்களைப் பார்த்துப் பயப்படும்னு உங்க பொண்ணு சொல்லிட்டா."

"நான் எங்க தூங்கினேன்? மூணு வாரமா உங்க போட்டோவைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் வராந்தாவரை கேட்டது. ஐந்து நிமிடம் பதினைந்தானது. பதிவாளர் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காத்திருந்தார்.

கையெழுத்தெல்லாம் முடிந்து சாப்பிடப் போன இடத்தில்தான் அக்காவுக்குக் களைப்பு தட்டியது. சூப் குடித்து முடிப்பதற்குள் தலை சாய்ந்து பேராசிரியையின் தோளில் விழுந்தது. மகள் எழுப்பப் போனாள். பேராசிரியை வேண்டாமென்று கண்ணால் சொல்லிவிட்டு, அசையாமல், ஒற்றைக் கையாலேயே சாப்பிட்டு முடித்தார். அக்காவின் பங்குக் கேக்கைக் கணவர் சத்தமில்லாமல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.