டல்லாஸ் நேரம் காட்டிய கடிகாரம்

கோமளாவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்றில் நம் நேரம். இன்னொன்றில் அவள் தம்பி வம்சி வேலை பார்க்கும் அமெரிக்காவின் டல்லாஸ் நேரம். நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதிக்கே அது கேலி.

தாய் செத்தபோது கோமளாவுக்குப் பன்னிரண்டு வயது, வம்சிக்கு இரண்டு. நூல் மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்து அவனைப் படிக்க வைத்தாள். கல்யாணம் முப்பத்திரண்டில்தான். பிள்ளை தங்கவில்லை. கல்யாணம் தள்ளிப்போனது தம்பியால்தான் என்பதைக் கட்டிய வேங்கடசாமி மறக்கவே இல்லை.

"ஏனுங் அம்மணி, உங்க மவனுக்கு இப்ப மணி என்னங்க?" என்று, தம்பியை மகனாக்கி, தினமும் ஆள் கூடிய இடத்தில் கேட்பார்.

"ராத்திரி ஒம்பதுங்க. ஒம்பதாயிரத்துச் சொச்சம் மைலு, ரெண்டு பிளேன் மாறி இருவத்தினாலு மணி நேரம். அவ்ளோதானுங்க" என்பாள் அவள், மேட்டுப்பாளையம் பஸ்ஸைச் சொல்வதுபோல.

புற்றுநோய் முற்றியபின் அவள் கேட்டது ஒன்றுதான். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து மேலே போர்த்த வேண்டும். "எந்தம்பி கையால கோடி போடாம என்னையத் தூக்கிராதீங்க." வேங்கடசாமியும் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை விடியற்காலை உயிர் போனது. போனில் வம்சி அழுதான். "திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு ஏறிர்றேன் மாமா. இருவத்தினாலு மணி நேரந்தான். வெச்சிருங்க."

"அப்ப நாளைக்குக் காலைல எட்டுக்கு வந்துருவாப்ல" என்று வேங்கடசாமி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டி வந்தது.

"அங்க இன்னும் ஞாயித்துக்கெழம ராத்திரிங்க. அவன் ஏறும்போது நமக்குப் பொழுது சாஞ்சிரும்" என்றேன், பக்கத்து வீட்டுக் கிழவி நான்.

"கையெழுத்துப் போடத் தெரியாத ஆத்தா எனக்கு மணி சொல்லித் தருதுங்க!" என்றார் வேங்கடசாமி.

பிணத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வேங்கடசாமி முக்காலியில் ஏறி, டல்லாஸ் கடிகாரத்தை நம் நேரத்துக்குத் திருப்பி வைத்தார். "இனி இந்த ஊட்ல ஒரே நேரந்தான்."

செவ்வாய் காலை எட்டானது, பத்தானது. வம்சிக்குப் போன் போகவில்லை. "வளத்துனவளுக்கே இவ்ளோதான்" என்றாள் கோமளாவின் நாத்தனார். நான் பிண வண்டிக்குக் குறுக்கே நின்றேன். இரண்டு பேர் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். பதினொன்றுக்கு, கோடி இல்லாமலே, மின்மயானத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வம்சி வந்து இறங்கினான். நெஞ்சோடு அணைத்த பையில், அங்கேயே கடை தேடி வாங்கிய அரக்குச் சேலை.

"காலைல எட்டுன்னீங்களே மாப்ளே" என்றார் வேங்கடசாமி, காப்பியை ஆற்றிக்கொண்டே.

வம்சி சுவரைப் பார்த்தான். இரண்டு கடிகாரங்களும் ஒரே மணி காட்டின. "இத யாரு மாமா மாத்துனது?"

"தப்பா ஓடிட்டிருந்துச்சு. செரி பண்ணிப்போட்டேன்."

உங்க மவனுக்கு மணி என்ன என்று தினமும் கேட்ட மனுசன் அவர். தெரியாமல் செய்தார் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

பிணத்துக்கென்று வந்த சேலை வீட்டில் இருக்கக் கூடாது என்றுவிட்டாள் நாத்தனார். சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, சேலையை மடித்துத் தன் பயணப் பெட்டியில் வைத்தான் வம்சி. ஒன்பதாயிரத்துச் சொச்சம் மைல், இருபத்துநான்கு மணி நேரம். வந்த வழியே சேலையும் திரும்பிப் போனது.