சாரலில் தொங்கிய பதினொரு பாக்கெட்டுகள்

காலை ஏழரைக்குத் தென்காசியில் ரயிலைவிட்டு இறங்கினோம். எழும்பூரில் ஏறியதிலிருந்து என் மடியைவிட்டு இறங்காத அட்டைப்பெட்டியில், பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு மாற்றாக மரவள்ளி மாவில் நானே செய்த மக்கும் உறைகள். பொருளறிவியலில் ஆராய்ச்சி செய்யும் எனக்கும் சமூகவியல்காரி பாத்திமாவுக்கும் ஒரே பயிற்சித் திட்டம். இரு துறையினரும் ஜோடியாகக் களத்துக்குப் போயே ஆகவேண்டும். உறை கடையில் ஒரு பகல் தாக்குப்பிடித்தால்தான், திங்கட்கிழமை மதிப்பாய்வுக்குப் பிறகும் எனக்கு உதவித்தொகை. ஆய்வகத்தில் மூன்று மாதம் அசையாத உறைக்கு ஒரு பகல் எம்மாத்திரம் என்று தலைக்கனத்தோடுதான் வந்திருந்தேன்.

எட்டு மணிக்குக் குற்றாலம் பேருந்து. ஐந்து கிலோமீட்டர், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மேலகரம் தாண்டும்போதே ஜன்னல் கம்பி ஈரமாகிவிட்டது. மலை இருக்கவேண்டிய இடத்தில் மேகம் நின்றது. இந்த ஊர்க்காரியான பாத்திமா, கடைக்காரர்களிடம் கேட்க நாங்கள் தயாரித்த கேள்வித்தாளைப் புரட்டினாள்.

“ஏட்டி, பதினாலாவது கேள்விய எங்க காணோம்?”

“நீளமா இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“பாக்கெட்ட கடையில எங்கன வைப்பீயன்னு கேட்டிருந்தேம்லா.”

“அதுக்கும் என் உறைக்கும் என்ன சம்பந்தம்?”

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது மணி. பேரருவிக்குப் போகும் வழியில் மாரியக்காவின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. முப்பது வயதிருக்கும், கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஆறிய சிப்ஸைப் பன்னிரண்டு உறைகளில் அடைத்தோம். ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் டப்பாவில் போட்டு இறுக மூடினேன். மற்ற பதினொன்றையும் அக்கா சரமாகக் கட்டிக் கடை முகப்பில் தொங்கவிட்டாள்.

“உள்ளே வைக்கலாமே அக்கா?”

“உள்ள வச்சா எவன் பாப்பான்? குளிச்சிட்டு வாரவுக கண்ணுல படணும்லா.”

வெயிலும் சாரலும் மாறி மாறி வந்தன. அருவிக்குள் போகாமலே நனைந்தோம். இருபது ரூபாய்க் காபி குடித்துப் பதினொன்றரைக்குத் திரும்பினால், சரம் தொய்ந்து கிடந்தது. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அடியில் இரண்டு கிழிந்து, சிப்ஸ் தரையில். அக்கா ஒன்றை மென்று பார்த்தாள்.

“நமத்துப் போச்சும்மா. இத வாங்கிட்டுப் போறவுக என் கைப்பக்குவத்தத்தான் குத்தம் சொல்லுவாவ.”

எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எங்கள் ஆய்வகத்தில் ஏசி நிற்பதே இல்லை. அங்கே சாரல் ஏது?

“திட்டணும்னா திட்டிடு பாத்திமா.”

“திட்டிக்கிட்டு நிக்கதுக்கு நேரமில்ல. பேனாவ எடு.”

பதினான்காம் கேள்வியைத் தாளின் அடியில் அவளே எழுதினாள். மாலை நாலு வரை கடை கடையாகக் கேட்டோம். எல்லோரும் முகப்பைத்தான் காட்டினார்கள்.

ஐந்தரைக்குத் தென்காசி நிலையத்தில் சென்னை ரயிலுக்குக் காத்திருந்தோம். டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்த உறை காலையில் வைத்த மாதிரியே மொடமொடவென்று இருந்தது. பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய கிழிந்த உறை.

“திங்கக்கிழமை எதக் காட்டப்போற?” என்றாள் பாத்திமா.

மொடமொடப்பான உறையைப் பிரித்து அவளிடம் நீட்டினேன். ரயில் வருவதற்குள் இருவரும் அந்தச் சிப்ஸைத் தின்று தீர்த்தோம்.