பாடும் சுக்கான்கள்

அந்தத் தெருவில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் போட்ட பிறகும் இறங்கி எடுத்து இன்னொரு தடவை அளப்பாள் என்று, பின்னறையில் வார்னிஷ் பூசும் அவள் கணவரே சொல்லிச் சிரிப்பார்.

சிறு பாய்மரப் படகுகளுக்குச் சுக்கான் செதுக்குவது அவள் தொழில். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் தண்ணீருக்குள் பிடித்து நிறுத்துகிற அடிப்பலகையையும் இழைப்பாள். மற்றவர்கள் செய்து கெடுத்ததைத் திருத்தியும் தருவாள். அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு செருப்புத் தொழிற்சாலையில், மேலே தோலை இழுத்துத் தைக்கிற மரக்கால் அச்சு செதுக்கியவள். இடது அச்சும் வலது அச்சும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்துப்போக வேண்டும். அவள் கைக்கு அது இயல்பாக வந்தது. பக்கத்து மேசைக்காரி இவள் செதுக்கிய ஒரு பெட்டி அச்சுகளில் தன் பெயர்ச்சீட்டை ஒட்டி மேற்பார்வையாளர் ஆனாள். அன்றிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டு கிட்டே வந்தால், அளவுக்காரி முதலில் அவர்களுடைய கையைத்தான் பார்ப்பாள்.

தொழிற்சாலை மூடிய வாரத்தில் படகுச் சங்கத்துச் செயலாளர் உடைந்த சுக்கான் ஒன்றைக் கொண்டுவந்து, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையணும், அவ்வளவுதான். உங்களுக்குப் பழக்கமான வேலைதானே?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியது. கீழ்த்தளத்தில் பட்டறை, நடுவில் அவளும் கணவரும், மேல்மாடியில் தங்கை குடும்பம். தங்கை புருஷன் சுக்கான்களை மூன்று சக்கர மிதிவண்டியில் படகுத்துறைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவார். சகலைகள் இருவருக்கும் நல்ல ஒட்டுதல். ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டவர்களின் ஒட்டுதல்.

அந்த வருடம் சங்கத்தின் பன்னிரண்டு படகுகளுக்கும் புதுச் சுக்கான் செய்கிற வேலை கிடைத்தது. முதல் மூன்றைப் பொருத்திய பிறகு செயலாளர் பட்டறை வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"பாடுதும்மா."

"எது பாடுது?"

"சுக்கான்தான். காத்து நல்லா அடிச்சு வேகம் எடுத்ததும் ம்ம்முனு ஒரே ராகம். பிடிச்சிருக்கிற கை மரத்துப்போகுது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர் செஞ்சது எதுவும் இப்படிப் பாடினதில்லை."

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குப் பூனை என்று பட்டப்பெயர். நடந்தால் சத்தம் கேட்காது. அவருக்கும் இதே தொழில்.

திரும்பி வந்த மூன்றையும் அளவுக்காரி மேசையில் போட்டுத் தடிமன் அளக்கிற காலிப்பரை எடுத்தாள். சுக்கானின் முன் ஓரம் உருண்டையாக இருக்கலாம். தண்ணீர் பிரிந்துபோகிற பின் ஓரம் கத்திபோல் மெலிந்திருக்க வேண்டும். அது மழுங்கினால் தண்ணீர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழன்று பலகையை அதிரவைக்கும். அவள் விட்டது ஒன்றரை மில்லிமீட்டர். இப்போது மூன்றிலும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. மெலிந்த நுனியை யாரோ தேய்த்து எடுத்து, மிச்சத்தை விரல் நுனிபோல் உருட்டியிருந்தார்கள். உப்புத்தாள் வேலை. நிதானமான கை.

"தானா தேயாது," என்றாள் கணவரிடம்.

"தண்ணியிலே இருந்த பொருள்தானே," என்று சொல்லிவிட்டு அவர் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

தன் பட்டறைக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். அந்த நினைப்பு வந்தபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அடுத்த சுக்கான் வண்டியில் ஏறிய காலையில் கூச்சத்தை வீட்டில் விட்டுவிட்டு, கறிகாய்ப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வண்டி நேராகப் படகுத்துறைக்குப் போகவில்லை. பாலம் தாண்டி, பூனையின் பட்டறை வாசலில் நின்றது. தங்கை புருஷன் உள்ளே போனார். அவள் எதிர்க் கடையில் வெங்காயம் பொறுக்கினாள். அரைக் கிலோ வாங்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டவளைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். தங்கை புருஷன் வெளியே வந்தபோது பூனையும் கூட வந்து தோளில் தட்டி அனுப்பினார்.

மாலையில் மேல்மாடிக்கு ஏறினாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பூனைகிட்ட என்ன வேலை உங்களுக்கு?" என்று தங்கை புருஷனிடம் நேராகவே கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பின்னாடியே வந்தீங்களாக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என் சுக்கான் ஓரத்தை அவர் பட்டறையிலேதானே மழுக்குறீங்க?"

தங்கையின் கை துணியில் நின்றது. அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வேலை கேட்டுப் போனேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வரச் சொல்லியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுக்கிறப்ப நீங்க என் பையைப் பார்ப்பீங்க, சட்டையைப் பார்ப்பீங்க. இன்னும் முடிவு பண்ணலை. இப்ப பண்ணிட்டேன்."

"அக்கா, கீழே போ," என்றாள் தங்கை. அதற்குப் பிறகு ஐந்து நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாவது சுக்கானை அளவுக்காரி தன் கையாலேயே கொண்டுபோனாள். வார்னிஷ் காய்ந்ததும் துணியில் சுற்றி, வண்டியைத் தானே மிதித்து, தானே பொருத்தி, செயலாளரோடு படகிலும் ஏறி உட்கார்ந்தாள். காற்று பிடித்தது. படகு சாய்ந்து வேகம் எடுத்தது. ம்ம்ம் என்று தொடங்கியது. செயலாளர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். அவளோ தன் உள்ளங்கையில் ஏறிய அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பலகையை வேறு யாரும் தொடவில்லை. பூனை தொடவில்லை. தங்கை புருஷன் மூன்று நாளாகப் பட்டறைப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்தவள் நேராகப் பின்னறைக்குப் போனாள். கணவர் ஆறாவது சுக்கானை மடியில் வைத்து, உப்புத்தாளை விரலில் சுற்றி, பின் ஓரத்தைக் குழந்தையின் காதைத் துடைப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஓரத்தை உருட்டுறேன். கூரா இருந்தா வார்னிஷ் நிக்காது, வழிஞ்சிடும்."

"எப்போலேர்ந்து?"

"போன மழைக்கு ஒண்ணு ஓரத்திலே உரிஞ்சு தண்ணி ஏறிடுச்சுன்னு என்னைப் பிடிச்சுக் கத்தினியே. அப்போலேர்ந்துதான். அதுக்கப்புறம் ஒண்ணாவது உரிஞ்சுதா?"

உரியவில்லை. அது உண்மை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அளக்க வருவ."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், பக்கத்து அறையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரை மட்டும் விட்டுவிட்டாள். நம்பிக்கையால் அல்ல. பூசுவது ஒரு வேலை, அதில் கெடுக்க என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தால். வார்னிஷ் அறைக்குள் போன பிறகு ஒரு சுக்கானைக்கூட அவள் அளந்ததில்லை. அளவுக்காரியாம்.

"முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கே?" என்றார் அவர். "சகலையைப் போய்ப் பாரு. நாளைக்கு ஒண்ணாந்தேதி."

மேல்மாடிக் கதவைத் தங்கைதான் திறந்து வழிவிட்டாள். தங்கை புருஷன் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். அளவுக்காரி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். உப்புத்தாள், உரிந்த வார்னிஷ், தான் கத்தியது, ஒன்றையும் விடவில்லை. "உங்க மேலே அபாண்டமாப் பழி போட்டுட்டேன். தப்பு என்னோடது. போகாதீங்க."

அவர் துண்டை மடித்து வைத்தார். "சரிக்கா. இன்னொரு நாள் வேற ஒண்ணு பாடுதுன்னு வைங்க. முதல்ல யாரைப் பார்ப்பீங்க?"

உங்களைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவள் யோசித்தாள். அந்த யோசனை எவ்வளவு நீளமாகப் போகிறது என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

"உங்களைத்தான்," என்றாள் கடைசியில். "அப்புறம் எங்க வீட்டுக்காரரை. அப்புறம் என்னை."

"பொய் சொல்லலை. அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார் அவர். "வரிசை மாறினதும் சொல்லி அனுப்புங்க. வரேன்."

மறுநாள் காலை அவர் பாலம் தாண்டிப் பூனையின் பட்டறைக்குப் போனார். அளவுக்காரி, படகில் பொருத்தியிருந்த இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்து, ஆறு சுக்கான்களின் ஓரத்தையும் அரத்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சீவி, வார்னிஷ் ஒட்ட ஒரு மயிரிழை மட்டும் விட்டு, கணவரின் முன்னால் அளந்து காட்டினாள். பூசிக் காய்ந்த பிறகு மறுபடி அளந்தாள்.

வண்டியில் ஏற்றியபோதுதான் பாரம் தெரிந்தது. வீட்டிலிருந்து பாலம்வரை ஏற்றம். பாதியில் மிதிக்க முடியாமல் இறங்கினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யார், எதற்கு வருகிறார்கள் என்று பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பினாள்.

தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்கம்பியில் கை வைத்தாள்.

"என்னை என்ன பார்க்கிறே? முன்னாடி பாரு," என்றாள். "நான் தள்றேன்."