கடலை திருடும் மயில்

இலுப்பூர் கடைவீதியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவு சிவரஞ்சனியுடையது. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் வைத்துத் தைக்கும் வேலை. இந்தப் பக்கத்தில் முதுகில் மயில் இல்லாமல் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறுவதில்லை. பெண்வீட்டார் போனில் ஒரு மயிலைக் காட்டுவார்கள். நான் அதைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொடுப்பேன். அவள் கோட்டின்மேல் துளை போட்டு, சாக்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துணியில் இறக்குவாள். எட்டு வருஷமாக ஒரே மயில், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு. எனக்கே அதைக் கண்டால் எரிச்சல் வரும்.

"இது சாகவே சாகாதாடி?" என்று கேட்பேன்.

"கேக்குறதத்தான போட முடியும், ரோஷனக்கா," என்பாள்.

போன ஆடிக் கடைசியில் இருவரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். எனக்கு டோனர், அவளுக்கு மணி. வாங்கி முடித்துப் புத்தகத் திருவிழாவுக்குள் நுழைந்தோம். புத்தகம் வாங்க இல்லை, பஜ்ஜி தின்னத்தான். கடைசி வரிசையில் ஷர்லி என்றொரு பெண் தான் வரைந்த படங்களை மாட்டியிருந்தாள். பள்ளிக்கூட டிராயிங் டீச்சராம், இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

டவுன் பஸ் கம்பியில் தொங்குகிறது ஒரு தேவாங்கு, வாயில் டிக்கெட். ரேஷன் கடை வரிசையில் பையோடு ஓர் உடும்பு. மருந்துக்கடை முன்னால் டாக்டர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறது ஒரு கீரி. நான் சிரித்ததில் கையிலிருந்த டீ சேலையெல்லாம் சிந்திவிட்டது. சிவரஞ்சனி சிரிக்கவில்லை. ஒரு படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

கடலைக் கொல்லை. ஒரு மயில், தோகையைச் சேலைக் கொசுவம்போல் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் கடலைச்செடியோடு நழுவுகிறது. ஒற்றைக் கண்ணால் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. 'நீ ஒன்றும் பார்க்கவில்லை, சரியா?' என்று கேட்கிற கண். கழுத்தில் நீலம் இருந்தது, பச்சை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பெயர் தெரியாத ஒன்றும் இருந்தது.

"மயிலு நெசமாவே இப்படிப் பார்க்குமாங்க?" என்றாள் சிவரஞ்சனி.

"திருடுறப்ப இப்படித்தாங்க பார்க்கும். நீங்க பார்த்ததில்லையா?" ஷர்லி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நான் படமெடுக்கப் போனை நீட்டினேன். சிவரஞ்சனி என் கையை இறக்கிவிட்டாள். "வேணாம்க்கா. இது அவங்க மயிலு."

திரும்பும் பஸ் அன்னவாசலைத் தாண்டியது. சிவரஞ்சனி சொன்னாள்: "எங்க வீட்டுக்குப் பின்னாடியே கொல்லைங்கதான். தெனம் அகவுது. நானூறு மயில் போட்டிருப்பேன்க்கா, ஒண்ணக்கூட நின்னு பார்த்ததில்ல." கண் கலங்கியிருந்தது.

மறுநாளிலிருந்து விடிந்ததும் நோட்டும் பென்சிலுமாகக் கொல்லைப் பக்கம் கிளம்பிவிடுவாள். கேலி பண்ணலாம் என்று நானும் ஒருநாள் கூடப் போனேன். ஒரு நொண்டி மயில் வந்தது. கொண்டை ஒருபக்கம் கோணல், இடது கால் மடங்கியே இருந்தது. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டுத்தான் தின்றது, அவ்வளவு சுத்தம்! வெயில் பட்டதும் கழுத்து நிறம் மாறியது, திரும்பியதும் இன்னொன்றாக மாறியது. "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன், கண்ணை எங்கே வைத்திருந்தேனோ தெரியவில்லை.

அந்த வாரம் ராஜலட்சுமி, ஆவணியில் கல்யாணமாகப்போகும் தன் மகள் சத்யாவின் ரவிக்கையைக் கொண்டுவந்தார். போனில் காட்டியது அதே பழைய மயில். ஆனால் சிவரஞ்சனி என்னிடம் அச்சுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், துணியில் நொண்டி மயில் பாதி ஏறியிருந்தது.

"அடிப்பாவி, அவங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதாங்க்கா சொல்வாங்க."

கேட்காமல் செய்தது தப்புதான். ஆரி வேலையைப் பிரித்தால் பட்டில் துளை விழும், மாற்றுத் துணியும் கிடையாது. அவர்கள் வேண்டாமென்றால் மணப்பெண்ணுக்கு முகூர்த்த ரவிக்கை இல்லை. இவளுக்கும் இனி ஊரில் எவரும் துணி தரமாட்டார்கள். எனக்கே இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ராஜலட்சுமி வந்து ரவிக்கையை விரித்தார்.

"என்ன கண்றாவி இது! நான் காட்டுன மயில் எங்க? காலு நொண்டி, கொண்டை கோணல், வாயில கடலை வேற! கல்யாணப் பொண்ணு முதுகுல களவாணியா?"

"தப்புத்தாங்க. கேக்காமப் போட்டுட்டேன்," என்றாள் சிவரஞ்சனி.

ராஜலட்சுமி வாசலைப் பார்த்துக் கத்தினார். "என்னங்க, இங்கிட்டு வந்து பாருங்க இந்தக் கூத்த!"

வண்டியில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் ஆத்மநாதன் உள்ளே வந்தார். கடலை விவசாயி. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ரவிக்கையை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கொல்லைக்கு வர்றவன்தான்," என்றார்.

"எதுவா இருந்தா என்ன?"

"காலப் பாரு." மயிலின் இடது காலில் மெதுவாக விரலை வைத்தார். "இத ஒடிச்சது நான்தான். போன வருசம் ஆத்திரத்துல கல்ல விட்டேன். சத்யா ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. திருப்பூர் வேலைக்குப் போற வரைக்கும் தெனம் ஒரு கை கடலை போட்டு அத வளர்த்துச்சு."

ராஜலட்சுமியின் கோபம் அப்படியே நின்றுவிட்டது.

"ஒங்களுக்கு இது எப்படிங்க தெரியும்?" என்று அவர் சிவரஞ்சனியைக் கேட்டார்.

"எதுவும் தெரியாதுங்க. பார்த்தேன், அவ்வளவுதான்."

ராஜலட்சுமியே ரவிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மயில் முகம் கசங்கிவிடாமல் மடித்தார். அவர்கள் போனபிறகு சிவரஞ்சனி சட்டத்தின்மேல் சாய்ந்து, "அடையாளம் கண்டுட்டாருக்கா, அடையாளம் கண்டுட்டாரு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் எட்டு வருஷமாக இருந்த அந்தப் பழைய மயிலை அழித்தேன்.