வாகைக்குளமா, மதுரையா

கோவில்பட்டிக்குப் போக எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்று சில வருடங்களாகவே குழம்பிக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ரயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர், இதற்குப் போய் விமானமா என்பார்கள். என் இடுப்புக்கும் ரயில் பெர்த்துக்கும் பேச்சுவார்த்தை நின்று பல காலம் ஆகிறது. தி.நகரில் ஜவுளிக்கடையில் இருப்பவனுக்கு சனி, ஞாயிறு லீவும் கிடையாது. வாரத்தின் நடுவில் ஒன்றிரண்டு நாள் கிடைத்தால் ஓடிப்போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். அதனால்தான் விமானம்.

கோவில்பட்டியில் விமான நிலையம் இல்லை. ஊருக்குத் தெற்கே, தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வாகைக்குளம். வடக்கே மதுரை. வாகைக்குளம் சின்னது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வாசல் வந்துவிடும், அங்கிருந்து வீடும் கிட்டம். ஆனால் விமானங்கள் குறைவு. மதுரை பெரியது, நினைத்த நேரத்துக்கு விமானம் உண்டு. ஆனால் வீட்டுக்கு ரொம்ப தூரம். புத்தியுள்ளவன் டிக்கெட்டையும் நேரத்தையும் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பான். நான் அப்பாவின் கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வாகைக்குளத்தில் இறங்கும்போதெல்லாம் தன்னுடைய பழைய காரோடு வாசலில் வந்து நிற்பார். என் பையை வாங்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, "நீ ஓட்டு" என்று சாவியை நீட்டுவார். திரும்பி வரும் நாளிலும் விமான நிலையம் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டில் அம்மா பேசுவாள், நாங்கள் இரண்டு பேரும் கேட்போம். அப்பா வாய் திறப்பது காரில் மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடமே பிடிக்காமல், தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வேறு எந்த ஊருக்காவது ஏறிப் போய்விடலாமா என்று யோசித்ததாக ஒருநாள் சொன்னார். அவரிடம் அடி வாங்கிக் கணக்குப் படித்தவன் நான். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரப்படுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

பிறகு அவருக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். பக்கவாட்டில் பார்வை குறைந்துவிட்டது, இனி வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நேரா இருக்கது தெளிவாத் தெரியுதுல்ல? ரோடும் நேராத்தான இருக்கு?" என்று அப்பா டாக்டரிடமே கேட்டாராம்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. வாகைக்குளத்துக்கு நான் வந்தால் அவர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வருவார். என்னை ஏற்றிவிட்ட பிறகு அதே சாலையில், அத்தனை லாரிகளுக்கு நடுவில், தனியாகத் திரும்பிப் போவார். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுச் சோதனைக்கு நிற்கும்போதே, இந்நேரம் எந்த லாரிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருப்பாரோ என்று கணக்குப் போடுவேன். சென்னையில் இறங்கி, மெட்ரோவில் கிண்டி தாண்டுவதற்குள் அம்மாவைப் பிடித்து, "வந்துட்டாங்களா?" என்று கேட்டால்தான் மூச்சு வரும்.

ஓட்டாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் மதுரைக்கு மாறினேன். "வாகைக்குளத்துக்கு டிக்கெட் கெடைக்கலப்பா. மதுரையில எறங்கி டாக்ஸில வந்துருதேன்" என்று போனில் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார். அந்தத் தடவை வீட்டில் இருந்த இரண்டு நாளும் அவர் என்னிடம் கேட்டது, "சாப்பிட்டியா" என்பது மட்டும்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை வாகைக்குளத்துக்கே போட்டேன். திரும்பி வரும்போது பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் மதுரை.

சென்னையில் யாரிடம் கேட்டாலும் குழப்பம்தான் கூடியது. கடை என் சித்தப்பாவுடையது. நான் ஊருக்குக் கிளம்புவது பெரும்பாலும் வியாழக்கிழமையில். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாள்காட்டியில் சூலம் பார்க்காமல் அவர் யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டார்.

"வியாழக்கெழம தெக்க சூலம்லா? மதுரையில எறங்குனா தெக்க பாத்துல்லா போகணும்? வாகைக்குளத்துல எறங்கு, அங்க இருந்து வீடு வடக்க" என்றார்.

"சென்னையில இருந்து வாகைக்குளமே தெக்கதான சித்தப்பா?"

"அது ஆகாசம். ஆகாசத்துல ஏதுடே சூலம்?"

என் மனைவி சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே பள்ளி ஆசிரியை. எதையும் நறுக்கென்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். மந்தைவெளி வீட்டில் நான் போனை வைத்துக்கொண்டு இரண்டு ஊர் விமானங்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைச் சகிக்க முடியாமல், "அப்பாகிட்ட நேரா கேக்க வேண்டியதுதானே? உங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் எதையும் கேக்கவே மாட்டீங்களா?" என்றாள். கேட்க மாட்டோம்தான். ஆனால் அதை அவள் சொன்னபோது கோபம் வந்தது.

கடையிலிருந்து நந்தனம் மெட்ரோவுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரரையும் நான் விட்டுவைக்கவில்லை. "இன்னா சார், இதுக்குப் போய் மண்டைய ஒடச்சிக்கினு கீற? எங்க எறங்குனா இன்னா, வூடு போய்ச் சேர்ந்தா சரி" என்றார். அப்பா வீடு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் என் கவலை என்று அவருக்குச் சொல்லி விளங்க வைப்பதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.

போன மழைக்காலத்துக்குப் பிறகு முழுக்க மதுரை என்று ஆக்கிக்கொண்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உயிர் முக்கியமா, பேச்சு முக்கியமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்து சாத்தூரைத் தாண்டும்போதெல்லாம், செய்வது சரியா தப்பா என்று தெரியாமல் எரிச்சலாக வந்தது.

அப்படி ஒருநாள் மதுரையிலிருந்து வந்து வீட்டு வாசலில் இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நின்றிருந்தார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன தம்பி, இப்பல்லாம் வாகைக்குளம் பக்கமே வாரதில்லையே? எனக்கும் ஒரு ஊரு பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நீங்கள் எதற்கு வாகைக்குளம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன, வண்டிய யாரு ஓட்டுனது? டாக்டர் சொன்ன நாள்ல இருந்து சார் ஸ்டியரிங்கத் தொடலையே. நான் கொண்டாந்து நிறுத்திட்டு, பஸ் பிடிச்சு ஊருக்கு வந்துருவேன். நீங்க கெளம்புற அன்னைக்கு முன்னாடியே வந்து ரோட்டோரத்து டீக்கடையில உக்காந்துக்கிடுவேன். உங்கள உள்ள அனுப்பிட்டு சார் போன் போடுவாங்க. போய் வண்டிய எடுத்துட்டு வருவேன்."

"அப்பா என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க டாக்ஸி வச்சிருவீங்கன்னு சாருக்குப் பயம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப ரொம்ப நாளா நீங்க மதுரைக்கே போறீங்கல்ல? பையனுக்கு எங்கூட வர அலுத்துப்போச்சு போலன்னு ஒருநா சொன்னாங்க. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு தம்பி."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் மேலேயும் கோபம் வந்தது. எத்தனை தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னை வந்து சேர்ந்திருக்கிறேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

உள்ளே அம்மா அடுப்படியில் இருந்தபடியே கல்யாண வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் செய்தித்தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தாளைக் கீழே இறக்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கத்தை மீறி நேராகவே கேட்டேன். "அப்பா, அடுத்த தடவ நான் எங்க எறங்கட்டும்?"

அப்பா தாளை மடித்து வைத்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மதுரையில எறங்கு. அவரு வண்டியக் கொண்டாந்து குடுத்துட்டு பஸ்ல வந்துருவாரு. நீ ஓட்டு."

"வாகைக்குளம்தானப்பா கிட்டம்? மதுரை ரொம்ப தூரம்லா?"

"தெரியும்" என்றார் அப்பா. "அதான் சொல்லுதேன்."